வீட்டுக்காரனின் தற்காப்புரிமை: கன்னக்கோலும் கலவரத் தீயும்

சில வாரங்களுக்கு முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னிரவில், இலண்டனில் வசிக்கும் என் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். அந்த நேரத்து அழைப்பு என்றால் மரணச் செய்தியாகத்தான் இருக்கும் என்று நினைக்கும் வயது எனக்கு. நல்லவேளை அப்படி ஒன்றுமில்லை. அவன் வீட்டிலிருந்து நான்கு வீடுகள் தள்ளி இன்னொரு தமிழ்க் குடும்பம் கலியாண வீட்டுக்குச் சென்றிருந்த வேளையில், பின்கதவை உடைத்து நகைகளை அள்ளிச் சென்றிருக்கிறார்கள். ஆசியர் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பது அங்குள்ள கள்ளருக்குப் பாடமாகிவிட்ட விடயம். மருமகன் கேட்டது இதுதான்:

"மாமா, கள்ளன் வீட்டுக்குள்ள வந்தா அடிக்கலாமோ? அடிச்சா எங்களைத்தான் பொலிஸ் பிடிக்கும் எண்டு இஞ்ச எல்லாரும் சொல்லினம். உங்களுக்குக் கோட்டு விசயங்கள் தெரியுந்தானே?"

எனக்குத் தெரிந்த "கோட்டு விசயம்" எல்லாம் நீதிமன்றச் செய்தியாளனாகப் பின்வாங்கில் அமர்ந்து குறிப்பெடுத்துக் கற்றவை. ஆயினும் அவனுக்கு அன்றிரவு சொன்னவற்றையும், சொல்லாமல் விட்டவற்றையும் இங்கே எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

இங்கிலாந்தில் இந்தக் கேள்வியை ஒவ்வொரு தேநீர்க் கடைக்கும் கொண்டுவந்தவர் டொனி மார்ட்டின் என்ற விவசாயி. நோர்போக் மாவட்டத்தில் எம்னெத் ஹங்கேற் என்ற ஒதுக்குப்புறமான இடத்தில் பாழடைந்த பண்ணை வீடொன்றில் தனியாக வசித்தவர். பலமுறை தன் வீட்டில் களவு போயிற்று என்றும் பொலிஸார் எதுவும் செய்யவில்லை என்றும் குறைப்பட்டுக்கொண்டிருந்தவர். 1999 ஒகஸ்ட் 20ஆந் திகதி இரவு இருவர் அவரது வீட்டுக்குள் புகுந்தனர். மார்ட்டின் துவக்கால் சுட்டார். ஒருவன் கால்களில் காயம்பட்டுத் தப்பினான். மற்றவன் 16 வயதுச் சிறுவன்; முதுகில் சூடுபட்டு இறந்தான். அந்தத் துவக்கு உரிமமில்லாதது. மார்ட்டினின் துவக்கு அனுமதிப் பத்திரம் 1994இலேயே பறிக்கப்பட்டிருந்தது.

2000 ஏப்ரலில் நோர்விச் நீதிமன்றத்தில் ஜூரிகள் பத்துக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவரைக் கொலைக் குற்றவாளியாகக் கண்டனர். ஆயுட்காலச் சிறை விதிக்கப்பட்டது. நாடு இரண்டாகப் பிளந்தது என்றால் மிகையில்லை. ஒரு சாரார் அவரை வீரனாக்கினர். மறு சாரார் ஓடிக்கொண்டிருந்த பையனின் முதுகைச் சுட்டிக் காட்டினர். 2001இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையைக் குறைத்தது. அது எவ்வாறு குறைத்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தற்காப்பு வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அவரது மனநிலை பாதிக்கப்பட்டிருந்தது என்ற மருத்துவச் சாட்சியத்தை ஏற்றே குற்றத்தைக் கைமோசக்கொலையாக்கி, ஐந்து ஆண்டுச் சிறை என்றது. 2003 ஜூலையில் வெளியே வந்தார். 2025 பெப்ரவரியில் தமது 80ஆவது வயதில் காலமானார்.

அவர் வெளியே வந்த சில மாதங்களில் பி.பி.சி. வானொலியின் காலை நிகழ்ச்சியொன்று, நேயர்கள் விரும்பும் புதிய சட்டம் எது என்று வாக்கெடுப்பு நடத்தியது. வீட்டைக் காக்க வீட்டுக்காரர் எந்த வழியையும் கையாளலாம் என்ற சட்டமே வென்றது. அந்த யோசனையைப் பாராளுமன்றத்தில் கொண்டுவருவதாக முன்கூட்டியே வாக்களித்திருந்த உறுப்பினர், முடிவைக் கேட்டு நேயர்களைப் பகிரங்கமாகவே திட்டித் தீர்த்தார்! மக்கள் கருத்தை அறிய விரும்பும் அரசியல்வாதிகளுக்கு இது ஒரு பாடம்.

மருமகனுக்கு நான் விரிவாகச் சொன்னது மார்ட்டினைப் பற்றியன்று. முனிர் ஹுசைனைப் பற்றி. ஹை விக்கம் நகரில் வசித்த வர்த்தகர். 2008 நோன்பு மாதத்தில் பள்ளிவாசலிலிருந்து குடும்பத்துடன் வீடு திரும்பியபோது முகமூடியணிந்த மூவர் உள்ளே காத்திருந்தனர். கத்தி முனையில் அனைவரையும் கட்டிப் போட்டனர். பிள்ளைகளில் ஒருவர் எப்படியோ தப்பிச் சென்று உதவி கோர, கள்ளர் ஓடத் தொடங்கினர். ஹுசைனும் அவரது சகோதரரும் ஒருவனைத் தெருவில் துரத்திப் பிடித்து, கிரிக்கெட் மட்டை உடையும் வரை அடித்தனர். அவனது மண்டையோடு பிளந்து மூளை பாதிக்கப்பட்டது. 2009 டிசெம்பரில் ஹுசைனுக்கு முப்பது மாதச் சிறை. மூளை பாதிக்கப்பட்டதால் வழக்கை எதிர்கொள்ள இயலாதவனான கள்ளனுக்குச் சிறையில்லை; மேற்பார்வைக் கட்டளை மட்டுமே. 2010 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஹுசைனுக்கு இரக்கம் காட்டி ஒத்திவைக்கப்பட்ட தண்டனையாக்கி விடுதலை செய்தது. ஆனால் குற்றத் தீர்ப்பு குற்றத் தீர்ப்பாகவே நின்றது. வீட்டுக்குள் அடித்த அடியாக இருந்திருந்தால் அவர் கூண்டில் ஏறியிருக்கவே மாட்டார் என்பது என் எண்ணம். தெருவில் விழுந்தவனை அடித்ததுதான் வினையாயிற்று.

பின்னர் 2013இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தவரிடமிருந்து தன்னையோ பிறரையோ காக்கும் வீட்டுக்காரர், அமைதியாக இருந்து யோசிப்பவருக்கு அளவுமீறியதாகத் தோன்றும் பலத்தைப் பிரயோகித்தாலும் மன்னிக்கப்படலாம். ஆனால் அது மிக மோசமாக அளவு கடந்ததாக இருக்கக் கூடாது. இந்தச் சலுகை உயிரைக் காப்பதற்கே, தொலைக்காட்சிப் பெட்டியைக் காப்பதற்கன்று. நகையை மட்டும் காக்க அடிப்பவருக்குப் பழைய "நியாயமான பலம்" என்ற அளவுகோலே இன்னும் பொருந்தும்.

"அப்ப அடிக்கலாம், ஆனா கலைச்சுக் கொண்டு போய் அடிக்கேலாது, அப்பிடித்தானே?" என்றான் மருமகன். ஐந்நூறு பக்கச் சட்ட நூலை ஒரு வசனத்தில் சுருக்கிவிட்டான்.

இது புதிய ஞானமன்று. விவிலியத்தின் யாத்திராகமத்தில், இரவில் வீட்டை உடைத்துப் புகும் திருடனை அடித்துக் கொன்றால் இரத்தப்பழி இல்லை, சூரியன் உதித்த பிறகாயின் பழி உண்டு என்று ஒரு விதி இருக்கிறது. தமிழ் விவிலியத்தில் அதற்கு வழங்கும் சொல் "கன்னமிடுதல்". மண்சுவரில் கன்னக்கோலால் துளையிட்டு உள்ளே வருதல். நம் முன்னோருக்கு நன்கு தெரிந்த தொழில்நுட்பம். அதற்கெனத் தனிக் கருவியும் தனிச் சொல்லும் வைத்திருந்த மொழி நமது. உரோமரின் பன்னிரு பலகைச் சட்டமும், கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில், இதையே சொன்னது: இரவுக் கள்ளனைக் கொல்லலாம், பகற்கள்ளன் ஆயுதத்தால் எதிர்த்தாலன்றிக் கொல்லக் கூடாது. அப்போதும் முதலில் உரக்கக் கூவி அயலாரை அழைக்க வேண்டும்.

இரவுக்கும் பகலுக்கும் ஏன் இந்த வேறுபாடு? களவு போகும் பொருளின் பெறுமதி இரவில் கூடிவிடுவதில்லை. இருட்டில் வந்தவன் யார், எத்தனை பேர், கையில் என்ன வைத்திருக்கிறான், பொருளுக்கு வந்தானா உயிருக்கு வந்தானா என்பது வீட்டுக்காரனுக்குத் தெரியாது. அந்த அறியாமைக்குச் சட்டம் தந்த சலுகையே தற்காப்புரிமை. பகலில் அவனுக்குக் கண் தெரியும், கூவினால் அயலவர் வருவர். இரவில் அவன் தனியன். இந்த ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டால் மூவாயிரம் ஆண்டுச் சட்டமும் விளங்கிவிடும்.

"ஒவ்வொருவனின் வீடும் அவனுக்குக் கோட்டை" என்ற பொருள்படும் ஆங்கில முதுமொழியை அறியாதவர் இல்லை. அதைச் சட்டமாக்கியது 1604ஆம் ஆண்டின் செமெய்ன் வழக்கு. அக்காலத்தில் சட்டமா அதிபராயிருந்த எட்வர்ட் கோக் அதனைப் பதிவு செய்து வைத்தார். வேடிக்கை என்னவெனில், அந்த வழக்கில் கள்ளனே கிடையாது. இலண்டன் பிளாக்பிரையர்ஸ் பகுதியில் ஒரு வீட்டில் கூட்டாக வசித்த இருவரில் ஒருவர் கடனோடு இறந்து போனார். அவரது உடைமைகளைக் கடனுக்காகக் கைப்பற்ற ஷெரிப் என்ற அரச அதிகாரி வந்தார். மற்றவர் கதவைச் சாத்திவிட்டார். கடன் கொடுத்த செமெய்ன் வழக்குத் தொடர்ந்து தோற்றார். வீட்டுக்குள் கொள்ளையிட வருபவனைக் கொன்றால் குற்றமில்லை என்பதை நீதிபதிகள் போகிற போக்கில் சொன்னார்கள். அவர்கள் தீர்க்க வந்த கேள்வி வேறு: அரசின் ஆள் கதவை உடைக்கலாமா? தனியார் கடனுக்காக உடைக்கக் கூடாது. மன்னரின் வழக்கெனில் உடைக்கலாம், ஆனால் முதலில் தட்ட வேண்டும், வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும், கதவைத் திறக்கும்படி கேட்க வேண்டும் என்றனர்.

ஆக, வீடு கோட்டை என்ற கோட்பாடு நீதிமன்றத்தில் பிறந்த நாளிலேயே அதற்கு இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று கள்ளனை நோக்கியது. மற்றது அரச அதிகாரியை நோக்கியது. கடல் கடந்து நம்மிடம் வந்தபோது இரண்டாவது முகம் தேய்ந்து போயிற்று என்பதே நான் சொல்ல விழைவது.

நம்மிடம் கொண்டுவந்தவர் மெக்காலே பிரபு. ஆங்கிலக் கல்விக்காகத் தமிழ்ப் பத்திரிகைகளில் அவ்வப்போது திட்டப்படும் அதே மெக்காலேதான். இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவை அவர் தலைமையிலான ஆணைக்குழு 1837இல் முடித்தது. அது சட்டமானது 1860இல். அவர் அதற்கு முந்திய ஆண்டின் இறுதியிலேயே இறந்துவிட்டார். வரைவுக்கு அவர் எழுதிய குறிப்புகளில், தற்காப்புரிமையை ஏன் இவ்வளவு தாராளமாகக் கொடுத்தோம் என்று விளக்கியிருக்கிறார். கொள்ளைக் கூட்டங்களின் கொடுமைக்கு இந்நாட்டு மக்கள் எதிர்ப்பின்றி அடங்கிப் போகிறார்கள். ஆகவே உரிமைக்குக் கட்டுப்பாடுகளைப் பெருக்குவதைவிட அவர்களிடம் ஆண்மையுணர்வைத் தட்டியெழுப்புவதையே விரும்பினோம் என்பது அதன் சாரம். பரிவும் இளக்காரமும் ஒரே வசனத்தில்! தட்டியெழுப்பும் வேலையை ஆரம்பித்த அதே ஆட்சி, 1878இல் ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்து இந்தியர் அனுமதியின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. உரிமை புத்தகத்தில், துவக்கு துரையிடத்தில்.

இருந்தாலும் மெக்காலேயின் எழுத்தை நான் ரசிக்கிறேன். சட்டத்தில் அவர் சேர்த்த உதாரணங்கள் சிறுகதைகள். அவற்றுள் ஒன்று இது. நுழைவதற்கு உரிமையுள்ள வீடொன்றுக்குள் ஒருவர் இரவில் நுழைகிறார். உள்ளே இருப்பவர் அவரைக் கள்ளன் என்று நல்லெண்ணத்துடன் தவறாகக் கருதித் தாக்குகிறார். தாக்கியவர் குற்றவாளியல்லர். ஆனால் தாக்கப்பட்டவருக்கும், அவரை எதிர்த்துத் தன்னைக் காக்கும் முழு உரிமை உண்டு. இருவரும் நிரபராதிகள், இருவரும் ஒருவரையொருவர் கொல்லக்கூடும், சட்டம் இருவரையும் மன்னித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்.

1992 ஒக்ரோபர் 17ஆந் திகதி அமெரிக்காவின் பேற்றன் றூஜ் நகரில் இந்த உதாரணம் ஏறக்குறைய நிசமாக நடந்தது. யோஷிஹிரோ ஹத்தோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன் விருந்தொன்றுக்குப் போகும் வழியில் முகவரி மாறி வேறொரு வீட்டு வாசலை அடைந்தான். வீட்டுக்காரர் கைத்துப்பாக்கியுடன் வந்து அசையாதே என்று கத்தினார். பையனுக்கு அந்த ஆங்கிலச் சொல் விளங்கவில்லை போலும், அருகே வந்தான், சுடப்பட்டு இறந்தான். 1993இல் ஜூரிகள் வீட்டுக்காரரை விடுதலை செய்தனர். பின்னர் குடியியல் நீதிமன்றம் அவர் ஆறரை இலட்சம் டொலர் இழப்பீடு செலுத்த வேண்டுமென்றது. ஒரே சம்பவம், இரு நீதிமன்றங்கள், இரு விடைகள். அன்னிய நாடுகளில் வாழும் நம்மவர் பிள்ளைகளுக்கு நாம் கூற வேண்டியது, கள்ளனை எப்படி அடிப்பது என்பதைவிட, இரவில் தெரியாத வாசலில் எப்படி நிற்பது என்பதாகவும் இருக்கலாம்.

இலங்கைக்கு இந்தச் சட்டம் 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையாக வந்தது. நடைமுறைக்கு வந்தது 1885 ஜனவரி முதலாந் திகதி. அதுவரை இருந்த உரோம-டச்சுக் குற்றவியல் சட்டம் விடைபெற்றது. இந்தியாவில் 96 முதல் 106 வரை இருந்த பிரிவுகள் இங்கே 89 முதல் 99 வரை ஆயின; உள்ளடக்கம் ஏறக்குறைய அதேதான். 96ஆம் பிரிவின்படி சில குற்றங்களைத் தடுக்க வீட்டுக்காரர் மரணம் விளைவிக்கவும் உரிமையுண்டு: கொள்ளை, இரவில் வீடுடைத்தல், மனிதர் வசிக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல், மரணமோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாக அஞ்சத்தக்க சூழ்நிலையில் நிகழும் களவு, வீட்டு அத்துமீறல் முதலியன. (இந்தியா தன் பழைய சட்டத்தை 2024 ஜூலையில் கைவிட்டுப் புதியதற்கு மாறிய போதும் இந்தப் பட்டியல் பெரிதும் மாறவில்லை. "இரவில்" என்ற சொல்லின் இடத்தில் சூரிய அஸ்தமனத்துக்குப் பின், உதயத்துக்கு முன் என்று எழுதிக்கொண்டார்கள். விவிலியத்துச் சூரியன் மீண்டும் வந்து அமர்ந்துகொண்டது.)

1970களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் நான் செய்தி சேகரித்த ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. சம்பந்தப்பட்டோர் குடும்பங்கள் இன்னமும் ஊரில் உள்ளமையால் பெயரும் ஊரும் வேண்டாம். வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவர். வெங்காயம் விற்ற காசு வீட்டில். நடுச்சாமத்தில் ஓடு விலகும் சத்தம். எழுந்தவரின் கையில் அகப்பட்டது அலவாங்கு. காலையில் ஒருவன் இறந்து கிடந்தான். அவன் முந்திய வருடம் அதே தோட்டத்தில் கூலிக்குத் தண்ணீர் கட்டியவன் என்பது விளக்கு வெளிச்சத்தில்தான் தெரிந்தது.

எதிரித் தரப்பில் தோன்றிய முதிய அப்புக்காத்து இடைவேளையில் என்னைப் பார்த்து, "தம்பி, நீர் எல்லாத்தையும் எழுதுகிறீர், ஒன்றை மட்டும் விட்டுவிட்டீர்" என்றார். "கள்ளன் விழுந்தது படலைக்கு உள்ளேயா, வெளியேயா? இந்த வழக்கு அந்தப் படலையில்தான் தொங்குகிறது." அவர் சொன்னதன் சட்டப் பொருள் 98ஆம் பிரிவில் இருக்கிறது. இரவில் வீடுடைத்தவனுக்கு எதிரான உரிமை, அவன் உள்ளே இருக்கும் வரைக்குமே நீடிக்கும். அந்தக் கள்ளன் விழுந்தது ஒழுங்கையில், படலைக்கு வெளியே சில முழ தூரத்தில், காயம் பிடரியில். உரிமை இருந்தது, ஆனால் நல்லெண்ணத்துடன் அதன் எல்லையை மீறிவிட்டார் என்று ஜூரிகள் கண்டனர். கொலை கைமோசக்கொலையாயிற்று. தூக்கு மேடைக்குப் பதில் சில வருட மறியல். இன்று ஹுசைனின் வழக்கை வாசிக்கும்போது ஹை விக்கம் தெருவில் அந்தக் கிடுகு வேலிப் படலையையே காண்கிறேன்.

தீர்ப்பை விடவும் என் மனதில் தங்கியது வேறொன்று. சாட்சிக் கூண்டில் நின்ற தோட்டக்காரரின் தாயாரிடம், ஏன் அயலவரைக் கூப்பிடவில்லை என்று அரச தரப்புக் கேட்டது. "கூப்பிட்டனான் ஐயா. விளக்கைக் கொளுத்திக் குளறினனான். எல்லாரும் ஓடி வந்தவை" என்றார் அந்த அம்மா. அக்காலத்தில் அப்படித்தான். இரவில் ஒரு வீட்டில் குரல் எழுந்தால் பத்து வீடுகளில் விளக்கெரியும். சட்டம் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

பத்துப் பதினைந்து வருடங்களில் அது தலைகீழாயிற்று. நாய் குரைத்தால் விளக்கை அணைக்கப் பழகினோம். எரிந்துகொண்டிருக்கும் அரிக்கன் லாம்பின் திரியை இறக்கிவிட்டு, பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு, குரைப்பு எந்த ஒழுங்கையில் நகர்கிறது என்று செவிமடுத்தோம். அயல்வீட்டில் குரல் கேட்டால் எவரும் ஓடுவதில்லை. விடிந்த பிறகுதான் யாரைக் கொண்டு போனார்கள் என்று விசாரிப்போம். வந்தவர்கள் சீருடையில் வந்ததும் உண்டு, சாரத்தில் வந்ததும் உண்டு. நம்மவர் துவக்கும் அரசின் துவக்கும் கதவைத் தட்டும் ஓசையில் வேறுபாடில்லை. என் தாய்மாமன் தோட்டத்தில் குரங்கு கலைக்க வைத்திருந்த உரிமம் பெற்ற வேட்டைத் துவக்கை, ஒரு மாலையில் இயக்கப் பையன்கள் வந்து மரியாதையாகவே கேட்டு வாங்கிச் சென்றார்கள். "தாறன் எண்டு சொல்லாமல் வேறென்ன சொல்ல?" என்றார் மாமா.

இத்தகைய இரவுகளைப் பற்றித் தண்டனைச் சட்டக்கோவை என்ன சொல்கிறது என்று பிற்காலத்தில் தேடிப் படித்தேன். 92ஆம் பிரிவு: மரணமோ கொடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சத்தைத் தராத ஒரு செயலை, அரச ஊழியர் தம் பதவியின் பேரில் நல்லெண்ணத்துடன் செய்தால், அச்செயல் கண்டிப்பாகச் சட்டத்துக்கு உட்பட்டதாக இல்லாவிடினும் அதற்கெதிராகத் தற்காப்புரிமை கிடையாது. ஒரு விளக்கக் குறிப்பும் உண்டு: வந்தவர் அரச ஊழியர் என்பதை வீட்டுக்காரர் அறிந்திருக்க வேண்டும், அல்லது அறியக் காரணமிருக்க வேண்டும். சாதாரண காலத்துக்கு இது நியாயமான ஏற்பாடே. இல்லையேல் பிடியாணையுடன் வரும் பொலிஸாரை எல்லோரும் உலக்கையால் வரவேற்பார்கள். ஆனால் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் பிடியாணையின்றி வீடு புகும் அதிகாரத்தைக் கொடுத்தது. தற்காலிகம் என்று வந்த அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வானில் வந்தவர் அரச ஊழியரா இல்லையா என்று வீட்டுக்காரர் எப்படி அறிவார்? 1604இன் நீதிபதிகள் மன்னரின் ஆளுக்கு விதித்த மூன்று நிபந்தனைகளும் — தட்டு, சொல், கேள் — நம் வாசலுக்கு வந்து சேரவில்லை.

போர் முடிந்த பிறகும் அந்தக் கேள்வி ஒருமுறை எழுந்தது. 2011 ஒகஸ்டில் "கிறீஸ் பூதம்" என்ற பீதி நாடெங்கும் பரவியது. உடலில் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் இரவில் வீடுகளில் புகுந்து பெண்களைத் தாக்குவதாகச் சொல்லப்பட்டது. அரசு அதை வதந்தி என்றது. ஊர்கள் தடியுடன் விழித்திருந்தன. புத்தளத்தில் ஆத்திரங்கொண்ட கூட்டத்தின் கையில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் உயிரிழந்தார். அதை எந்தத் தற்காப்புரிமையும் நியாயப்படுத்தாது. யாழ்ப்பாணம் நாவாந்துறையில் 22ஆந் திகதி இரவு சந்தேகத்துக்குரியவர்களைத் துரத்திய மக்கள், அவர்கள் படைமுகாமுக்குள் ஓடிவிட்டதாகக் கூறித் திரண்டனர். அதன் பின்னர் வீடு வீடாகப் புகுந்த படையினர் ஆண்களை இழுத்துச் சென்றனர். நூறு பேரளவில் கைதானார்கள். பலர் காயங்களுடனேயே நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். அந்நியன் புகுந்தான் என்று கூவியவர்களின் வீடுகளுக்குள்தான் அன்றிரவு உண்மையிலேயே ஆட்கள் புகுந்தார்கள்.

மருமகனிடம் சொல்லாமல் விட்டது இனி வருவது. 96ஆம் பிரிவின் பட்டியலில் "மனிதர் வசிக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல்" என்ற சொற்களை வாசிக்கும் போதெல்லாம் எனக்கு நினைவு வருவது 1983 ஜூலை 25, திங்கட்கிழமை.

தெகிவளையில் வாடகை வீட்டில் இருந்தோம். மனைவி, இரண்டு பிள்ளைகள். முற்பகலில் தெருமுனையில் புகை எழுந்தது. வந்தவர்கள் கையில் வாக்காளர் இடாப்பு வைத்திருந்தனர். எந்த இலக்கத்தில் தமிழர் என்று அவர்களுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. அது பட்டப்பகல், ஒருவர் முகத்திலும் முகமூடி இல்லை. தண்டனைச் சட்டக்கோவையின்படி அக்கணத்தில் என் உரிமைகள் பூரணமானவை. தீ வைப்பவனைக் கொல்லலாம். 99ஆம் பிரிவின்படி, உயிருக்கு ஆபத்தான தாக்குதலைத் தடுக்க வேறு வழியில்லையெனில், கூட்டத்தில் கலந்துள்ள அப்பாவிக்குத் தீங்கு நேரும் அபாயத்தையும் ஏற்றுச் சுடலாம். மெக்காலே எங்களுக்காக எதையும் மறக்கவில்லை. என் கையில் இருந்தது இரண்டாவது பிள்ளையின் பால்போத்தல்.

பின்மதிலுக்கு அப்பால் வசித்தவர் தபால் திணைக்களத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு சிங்களவர். மதிலுக்கு ஏணி வைத்து எங்களை இறக்கி, தம் வீட்டின் உள்ளறையில் இருத்திக் கதவைச் சாத்தினார். எங்கள் வீடு எரியும் வெப்பம் அந்த அறையின் யன்னலில் தெரிந்தது. பிறகு அவரது படலைக்கு வந்தார்கள். அவர் வெளியே போய் நின்றார். கையில் ஒரு டோர்ச் லைற்; பகல் வேளையில் எதற்கு அதை எடுத்தாரோ தெரியாது. இங்கே தமிழர் எவருமில்லை, உள்ளே என் மகள் காய்ச்சலில் கிடக்கிறாள், சத்தம் போடாதீர்கள் என்று சிங்களத்தில் அதட்டுவது எங்களுக்குக் கேட்டது. அவருக்கு மகளே இல்லை. தெருவின் மறுபக்கத்தில் நின்ற பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்றனர். போய்விட்டார்கள்.

பல வருடங்களின் பின் அவரைப் பார்க்கச் சென்றேன். உடல் தளர்ந்திருந்தார். பேச்சோடு பேச்சாக, தண்டனைச் சட்டக்கோவையின் 90ஆம் பிரிவு தன் உடலையும் உடைமையையும் மட்டுமல்ல, பிறருடைய உடலையும் உடைமையையும் காக்கும் உரிமையை ஒருவருக்குத் தருகிறது என்றும், அன்று அவர் பிரயோகித்தது அந்த உரிமையைத்தான் என்றும் சொன்னேன். செய்தியாளனின் பழைய பழக்கம். நன்றியைக்கூடப் பிரிவு இலக்கத்தோடு சொல்வது.

அவர் சிரித்தார். பிறகு சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்படியென்றால், அந்தப் பொடியன்களில் ஒருவனை அன்றைக்கு நான் அடித்திருந்தால், தெருவில் நின்ற பொலிஸ் யாரைப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறீர்கள், மாத்தயா?"